மிச்சம் எங்கே?

ராணுவச் சேவைகளைத் தனியாருக்கு விட்டால் செலவு குறையும், செலவு குறைந்தாலே வரிப்பணத்துக்குரிய மதிப்பு கிடைத்துவிட்டது என்கிறார்கள். தவறு.

ஒன்று: கையெழுத்திடும் நாளில் சொல்லப்படும் மிச்சம் வெறும் எதிர்பார்ப்பு. பிரிட்டன் ராணுவம் 2012இல் ஆள்சேர்ப்பை 49.5 கோடி பவுண்டுக்குக் கேபிட்டா நிறுவனத்திடம் கொடுத்தது. 26.7 கோடி மிச்சமாகும் என்றார்கள். அது கைகூடாது என்று 2018இல் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே சொல்லிவிட்டது.

இரண்டு: பணம் கொடுத்தது எதற்கு? ஆட்களுக்கு. 2013 முதல் ஐந்தாண்டுகளும் இலக்கில் 21 முதல் 45 சதவீதம் வரை பற்றாக்குறை. விண்ணப்பித்தவர்களில் பாதிப்பேர் பயிற்சியைத் தொடங்கவே 2018இல் 321 நாள் வரை பிடித்தது. வேலை தேடும் இளைஞன் அத்தனை நாள் காத்திருப்பானா? அவன் போய்விட்டால் அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

மூன்று: இணையவழி விண்ணப்ப அமைப்பு 52 மாதம் தாமதம். செலவு மும்மடங்கு.

இனி ஒப்பந்தத் தொகையைக் காட்டி வாதாடாதீர்கள். எத்தனை பேர் படையில் சேர்ந்தார்கள் என்ற கணக்கைக் காட்டுங்கள்.