ஒரு ராத்திரிக்கு அசல் யார் தருவார்?

2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நகைக்கடன் வரைவு, நகை உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரமோ எழுத்துமூல விளக்கமோ கேட்டது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கூலிக்குப் போகும் தலித் பெண்ணின் தோட்டுக்கு ஏது ரசீது? அது அவள் அம்மாவின் காதிலிருந்து வந்தது. பட்டா உள்ளவருக்கு நிலம் ஈடு. நிலம் மறுக்கப்பட்டவருக்கு அந்த அரைப் பவுன்தான்.

திருட்டு நகையைத் தடுக்க விதி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அப்போது வங்கிகள் வட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு மறுஅடகு வைக்க மறுத்தனவே, அதில் எந்தத் திருடன் பிடிபட்டான்? அசலையும் கட்டி நகையைத் திருப்பு, மறுநாள் வந்து வை என்றார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு அசல் தருபவர் கந்துவட்டிக்காரர்தான். அவரை ஒழிக்க 2003இல் சட்டம் போட்ட மாநிலம் இது!

எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 6 அன்று வந்த இறுதி விதிகள் இறங்கி வந்தன: 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், வட்டி கட்டினால் புதுப்பிக்கலாம். வங்கி ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. கேட்டால் கிடைக்கும் இந்தப் புதுப்பித்தலை ஒவ்வொரு கிளையும் தமிழில் எழுதி, நகை எடைபோடும் இடத்திலேயே ஒட்ட வேண்டும்.