ஊசி போட்டாயிற்று, உணவு எங்கே?

கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகள் மலையேறி வண்டன்மேட்டை அடையும்போது விடிந்து சற்று நேரமே ஆகியிருக்கும். கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் வரும் பெண் தொழிலாளர்கள் அவற்றில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். விடியுமுன் எழுந்து வடித்த சோறு தூக்குவாளியில் இருக்கும். உடன் ஒரு புளிக்குழம்பு. பருப்பும் முட்டையும் சம்பள நாளை ஒட்டி வந்து போகும் விருந்தாளிகள்.

அவர்களுள் ஒருவர், சங்க உறுப்பினர், அண்மையில் என்னிடம் கேட்டார்: “அண்ணே, கொரோனாவுக்கு ரெண்டு ஊசியும் போட்டேன். அதுக்கப்புறமும் வந்து பதினஞ்சு நாள் படுத்தேன். உடம்புல எடை இல்ல, அதான்னு சொன்னாங்க. அப்ப ஊசி பொய்யா, என் உடம்பு பொய்யா?”

ஊசியும் பொய்யல்ல, உடம்பும் பொய்யல்ல. அவருக்குச் சொல்லப்பட்ட விடையில் பாதி மறைக்கப்பட்டிருக்கிறது. அந்த மறுபாதியைப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எடைக்கும் தடுப்பூசிக்கும் உள்ள உறவு

தடுப்பூசி கிருமியின் அடையாளத்தை உடலுக்குக் காட்டிக் கொடுக்கிறது. எதிர்ப்பாற்றலைத் திரட்டும் உழைப்பை உடலே செய்தாக வேண்டும். அவ்வுழைப்புக்குப் புரதம் வேண்டும், நுண்சத்துகள் வேண்டும். ஆகவே ஒரே மருந்து எல்லா உடலிலும் ஒரே அளவில் பலிப்பதில்லை.

இங்கிலாந்தில் 2020 டிசம்பர் முதல் 2021 நவம்பர் வரையிலான காலத்துக்கு 90 லட்சத்துக்கும் மேற்பட்ட வயதுவந்தோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து, ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் 2022இல் முடிவுகளை வெளியிட்டனர். இயல்பான எடையினரிடத்தும் மிகை எடையினரிடத்தும் இரண்டு தவணை தடுப்பூசி, கொரோனாவால் மருத்துவமனையில் சேரும் நிலையை ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்தது. எடை குறைந்தோரிடத்து அக்குறைவு 50 சதவீத அளவிலேயே நின்றது. தடுப்பூசி போட்டவர்களுக்குள்ளேயே எடை மிகக் குறைந்தோரும் எடை மிக மிகுந்தோரும் மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்தில் இருந்தனர். இங்கிலாந்தில் எடை குறைந்தோருள் முதுமையாலும் பிற நோயாலும் மெலிந்தோர் பலர். அவ்வெண்களை நமது தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் திசை தெளிவாகவே தெரிகிறது.

மறுமுனையிலும் இதுவே நிலை. கேம்பிரிட்ஜ், எடின்பரோ ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் தவணைக்கு ஆறு மாதங்களுக்குப் பின் கடும் உடற்பருமன் உடையோரில் 55 சதவீதத்தினருக்குக் கிருமியை முடக்கும் எதிர்ப்பொருள் அளவிடத்தக்க நிலையில் இல்லை. இயல்பான எடையினரில் அவ்வாறானோர் 12 சதவீதமே. அடுத்த தவணை அதனை மீட்டது. ஆனால் மீண்டும் விரைந்து சரிந்தது.

இவற்றைக் கையிலெடுத்து ‘தடுப்பூசியே வீண்’ என்று வாட்ஸ்அப்பில் பரப்புவோருக்கு ஒரே விடை: எல்லா எடையினரையும் தடுப்பூசி காத்தது என்பதும் அதே ஆக்ஸ்போர்டு ஆய்வின் முடிவுதான். பாதியை மட்டும் படித்துக் காட்டுபவர் அறிவியலுக்கும் பகைவர், தொழிலாளிக்கும் பகைவர்.

‘வாழ்க்கைமுறை’ என்னும் சொல்

முப்பதாண்டுகளாக மொழிபெயர்ப்பே எனது கட்சிப் பணி. மலையாளத்தில் ‘ஜீவிதசைலி ரோகம்’ என்று வருவதை ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று நானும் எத்தனையோ துண்டறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். இன்று அது பிழை என்று கருதுகிறேன். ‘முறை’ என்னும் சொல், ஒருவர் தாமே வகுத்துக்கொண்ட ஒழுங்கு என்னும் பொருளைத் தருகிறது. நாள் முழுதும் சரிவில் குனிந்து ஏலக்காய் பறிக்கும் பெண், எவ்வகை வாழ்க்கையைத் தாமே வகுத்துக்கொண்டார்? கூலி வகுத்தது, ரேஷன் கடை வகுத்தது, ஜீப்பு புறப்படும் நேரம் வகுத்தது.

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019–21) கணக்குப்படி இந்தியப் பெண்களில் 18.7 சதவீதத்தினர் எடை குறைந்தோர். 24 சதவீதத்தினர் எடை மிகுந்தோர். தமிழ்நாட்டில் எடை மிகுந்த பெண்கள் ஏறத்தாழ 40 சதவீதம், கேரளத்தில் 38 சதவீதம். இத்தனை பேரையும் மேட்டுக்குடியினர் என்று யாரேனும் சொல்லத் துணிவரா? அரிசியும் சர்க்கரையும் மலிவான எண்ணெயும் வயிற்றை நிரப்புகின்றன. பருப்பு, முட்டை, மீன், கீரை, பழம் கைக்கு எட்டுவதில்லை. ஒரே வறுமை ஒரு வீட்டில் எலும்பாகவும் அடுத்த வீட்டில் கொழுப்பாகவும் தெரிகிறது.

ஆனால் ஆட்சியாளர்களின் பார்வை வேறு. 2025 பிப்ரவரியில் தமது வானொலி உரையில் பிரதமர், உடற்பருமனை ஒழிக்க ஒவ்வொருவரும் சமையல் எண்ணெயை 10 சதவீதம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார். பருப்பின் விலையைக் குறைப்பது பற்றியோ, கூலியை உயர்த்துவது பற்றியோ அந்த அறிவுரையில் இடமில்லை. பருத்தவர்க்கு உபதேசம் கிடைத்தது. மெலிந்தவர்க்குக் கிடைத்தது என்ன?

செங்கல்பட்டிலிருந்து ஜார்க்கண்ட் வரை

மெலிந்தவர்க்கு ஊசி கிடைத்தது. காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசியை வயதுவந்தோருக்குப் போட்டு ஆராயும் திட்டத்தை ஒன்றிய அரசு 2024இல் பல மாநிலங்களில் தொடங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரிவினருள் ஒன்று, உடல் நிறைக் குறியீட்டெண் 18க்குக் குறைந்தோர். ஐந்தடி உயரமுள்ள பெண்ணாயின் ஏறத்தாழ 42 கிலோவுக்கும் குறைவான எடை என்று பொருள். அவர் பட்டினி உடலினர் என்பதை அரசே அளந்து, குறித்து, பட்டியலிடுகிறது. பட்டியலிட்டபின் ஊசியை நீட்டுகிறது.

ஆராய்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் வரலாறு நமக்கு நினைவிருக்க வேண்டும். இதே பிசிஜியை உலகின் மிகப்பெரிய அளவில் சோதித்தது நமது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான். 1968இல் தொடங்கி இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் நடந்தது. பதினைந்தாண்டுக் கண்காணிப்பின் முடிவு, வயதுவந்தோரின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதே. குழந்தைகளைக் கொடிய மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் அவர்களுக்கு அது இன்றும் தேவை. பெரியவர்களிடத்து அதன் பயன் இன்னும் ஆய்வுக்குரிய கேள்வியாகவே இருக்கிறது.

உணவின் பயனோ நிரூபிக்கப்பட்டுவிட்டது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் பங்கேற்போடு, மருத்துவர் அனுராக் பார்கவா தலைமையில் ‘ரேஷன்ஸ்’ ஆய்வு நடந்தது. காசநோயாளிகள் 2,800 பேரின் வீடுகளில் வாழ்ந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். ஒரு பகுதி வீடுகளில் நோயாளியின் குடும்பத்தினருக்கும், ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் வழங்கப்பட்டன. அவ்வீடுகளில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 சதவீதம் குறைந்தது. தொற்றிப் பரவும் வகை 48 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் நோயாளியின் எடை 5 சதவீதம் ஏறினால் இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைகிறது என்பதும் புலனாயிற்று. ஒன்றரைக் கிலோ பருப்பு செய்த வேலை இது!

‘உணவில்லாமலே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1950களின் சென்னை ஆய்வே காட்டியதே’ என்பார் உண்டு. சானடோரியத்தின் நல்லுணவு பெற்றவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்துண்ட ஏழைகளும் தேறினர் என்பதை அவ்வாய்வு காட்டியது உண்மை. உலகெங்கும் ஏழை நோயாளிகளுக்கு வழிதிறந்த சாதனை அது. ஆனால் அது விடையளித்தது, வந்த நோய் மருந்தால் தீருமா என்ற கேள்விக்கு. நோய் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு அதை விடையாக்கி, அரை நூற்றாண்டுக் காலம் ஏழையின் தட்டை மறந்ததுதான் ஆட்சியாளர்கள் செய்த மோசடி.

2025க்குள் காசநோய் ஒழியும் என்று 2018இல் பிரதமர் முழங்கினார். ஆண்டு கடந்தது, உலகக் காசநோயாளிகளில் நால்வருள் ஒருவர் இன்றும் இந்தியர். நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகை 2024 நவம்பரில்தான் 1,000 ஆயிற்று. அவரோடு ஒரே அறையில் உறங்கும் குடும்பத்தினரின் உணவோ, ‘நிக்ஷய் மித்ரா’ என்னும் பெயரில் நன்கொடையாளர்களின் தயவுக்கு விடப்பட்டிருக்கிறது. ஊசிக்கு அரசு, உணவுக்குத் தர்மவான்கள்! உரிமையைப் பிச்சையாக்கும் கலையில் இவர்களை விஞ்ச ஆளில்லை.

நமது கடமை

‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ என்கிறார்கள். எல்லை தாண்டிச் செல்வது ஒன்றியத் தொகுப்பின் அரிசியும் கோதுமையும் மட்டுமே. தமிழ்நாட்டு ரேஷன் கடையின் துவரம்பருப்பும் பாமாயிலும் கம்பம்மெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டுவதில்லை. மாதக்கணக்கில் மலையிலேயே தங்கி வேலை செய்யும் குடும்பம் சோற்றை மட்டும் உண்கிறது. 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் கேன்டீன் வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். சிறு ஏலத்தோட்டங்களின் கூலியாட்களுக்கு அது எட்டவே இல்லை. அச்சட்டத்தையும் 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் விழுங்கிவிட்டன.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்று, பருப்பும் எண்ணெயும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் உரிமையாக வேண்டும். அவை தொழிலாளியோடு எல்லை தாண்ட வேண்டும். இரண்டு, காசநோயாளியின் வீட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் அரசே உணவுப் பங்கீடு வழங்க வேண்டும். மூன்று, எடை குறைந்தவர் என்று பதிவேட்டில் எழுதும் கை, அவருக்கான உணவு ஆணையிலும் கையெழுத்திட வேண்டும். நான்கு, சிறு தோட்டங்கள் பலவற்றுக்குப் பொதுவாக மதிய உணவுக்கூடம் அமைக்க வேண்டும்.

இவற்றுக்கு முன்பாக நாமே செய்யத்தக்கது ஒன்று உண்டு. கிளைக் கூட்டங்களில் தடுப்பூசி முகாமுக்கு ஆள் திரட்டியிருக்கிறோம். அது சரியான பணி, அதைத் தொடர வேண்டும். ஆனால் அம்முகாமில் எடைக்கருவியில் ஏறி இறங்கிய தொழிலாளியின் தூக்குவாளியில் என்ன இருந்தது என்று நாம் கேட்கவில்லை. கூலிப் பேச்சுவார்த்தையில் அந்தக் கேள்வி இடம்பெற வேண்டும்.

அந்தச் சகோதரிக்கு நான் சொன்ன விடை இதுதான்: “ஊசி தன் வேலையைச் செஞ்சுது. உன் உடம்பும் இருந்ததை வச்சுப் போராடுச்சு. உனக்கு வர வேண்டிய பருப்பு வந்து சேரல. அதைக் கேட்கத்தான் சங்கம் இருக்கு, வா.”