சாமானைக் கெடுப்பது யார்?

வவுனியாவில் கணனி, கைத்தொலைபேசி உதிரிப்பாகம் விற்கும் எனக்கு ஆடி, ஆவணி மாதங்கள் சோதனைக் காலம். மழை இல்லை, காற்றும் வரட்சி. வாங்கிப்போன 'ரெம்' வேலை செய்யவில்லை என்று அந்த நாட்களில்தான் கூடுதலானோர் திரும்பி வருவார்கள். "போடத் தெரியாமல் நீங்கள்தான் கெடுத்தீர்கள்" என்று பல வருடங்கள் வாதாடியிருக்கிறேன்.

ஒருநாள் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கடையில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "நானா, கெடுப்பது நீங்கள்தான்."

வெள்ளி நிறப் பையிலிருந்து ரெம்மை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களில் விரல் படப் பிடித்து, பிளாஸ்டிக் விரிப்பில் வைத்துக் காட்டுவது என் வழக்கம். காலில் இறப்பர் செருப்பு, உடம்பில் பொலியெஸ்டர் சேட். போதாததற்கு, இருக்கும் ஈரப்பதனையும் உறிஞ்சும் ஏசி.

உராய்வால் உடம்பில் சேரும் நிலைமின் சுமார் 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் 'சுரீர்' என்று நமக்குத் தெரியும். சில நுண்சில்லுகள் கெடுவதற்கோ 100 வோல்ட்டும் தேவையில்லை. சில உடனே செத்துவிடும். சில அரைகுறையாய்ப் பழுதடைந்து, வாரக்கணக்கில் ஓடி, பிறகு வாடிக்கையாளர் வீட்டில் நின்றுபோகும். ஆகவே "கடையில் போட்டுக் காட்டினேனே" என்பது சாட்சியாகாது.

பரிகாரம் மலிவானது. பையைத் திறக்குமுன் மணிக்கட்டில் எர்த் பட்டி கட்ட வேண்டும். அதனுள் 10 இலட்சம் ஓம் தடை இருப்பதால், கை தவறி 230 வோல்ட்டில் பட்டாலும் பட்டி வழியே பாயும் மின் மிகச் சொற்பம். தட்டை ஓரத்தில் பிடிக்க வேண்டும். விற்கும்போது அதே பையில் போட்டே கொடுக்க வேண்டும். ஒரு விடயம்: எங்கள் பக்கத்துப் பல கடைகளில் பிளக்குக்கு மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்கு வயர் இருக்காது. முதலில் அதைச் சரிபாருங்கள்.

பட்டி கட்டத் தொடங்கியபின் திரும்பி வரும் சாமான் குறைந்தது. ஆனால் அன்று நான் வாதாடி அனுப்பிய சிலர் இன்றுவரை என் கடைப்படி ஏறவில்லை.

குறையை மறைத்து விற்பது ஹறாம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அறிந்துகொள்ள வழியிருந்தும் அறியாமல் விற்றுவிட்டு, பழியை வாங்கியவர் தலையில் போடுவது மட்டும் நியாயமா? வியாபார சகோதரர்களே, உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் சாமானை வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள். கெடுத்த கை நம் கையாகவும் இருக்கலாம்.