உடல் பருமனும் மனச்சோர்வும்

நமது சங்க விழாக்களில் சற்றுப் பருமனான ஒருவரைக் கண்டால், "என்ன, தில்லிச் சாப்பாடு நன்றாக ஒத்துக்கொண்டது போலிருக்கிறதே!" என்று கேலி செய்வது சகஜமாகிவிட்டது. அவரே இரண்டு மாதம் வெளியே தலைகாட்டாமல் வீட்டில் முடங்கிக் கிடந்தால் "சோம்பல்" என்கிறோம். முதலாவது வாயைக் கட்டாத குற்றம், இரண்டாவது மனவுறுதி இல்லாத குற்றம் என்பது நம் தீர்ப்பு. இரண்டும் குற்றமல்ல, பல சமயம் இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள்.

2010-ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 15 ஆய்வுகளைத் தொகுத்து, ஏறத்தாழ 58 ஆயிரம் பேரின் விவரங்களை அலசியது. பருமனானவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு 55 சதவீதம் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்கள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். ரயில்வே பாஷையில் சொன்னால், இது ஒற்றைப் பாதை. இருபுறமிருந்தும் வண்டி வரும்.

காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கொழுப்பு சும்மா கிடக்கும் சுமையன்று. சுரப்பியைப் போல வேலை செய்வது. 1994-ல் கண்டறியப்பட்ட லெப்டின் என்ற ஹார்மோன், கொழுப்பிலிருந்து கிளம்பி "போதும்" என்று மூளைக்குக் காட்டும் சிக்னல். பருமன் கூடக்கூட லெப்டினும் கூடுகிறது. ஆனால் மூளை அந்த சிக்னலை மதிப்பதில்லை. மிகுந்த கொழுப்பு, அழற்சியை உண்டாக்கும் ரசாயனங்களையும் ரத்தத்தில் கலக்கிறது. இவை மூளையையும் பாதித்து உற்சாகத்தைக் குறைக்கக் கூடியவை. எதிர்த்திசையில், ஓயாத கவலை கார்டிசால் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அது பசியைத் தூண்டி, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்க்கிறது. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் எடையைக் கூட்டும். அதற்காக மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது ஆபத்து. டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து மாற்றித் தருவார்.

ஊரை விட்டு வந்த நமக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். அக்கம்பக்கத்தாரின் மொழி தெரியாமல் நாலு சுவருக்குள் பகலைக் கழிக்கும் பெண்மணிகளும், பிள்ளைகளோடு வந்து சேர்ந்த பெரியவர்களும், மனச்சோர்வை "உடம்பெல்லாம் அசதி" என்றுதான் சொல்வார்கள். சர்க்கரைக்கு மருந்து தரும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி அனுப்புவார். மனநல மருத்துவரிடம் போகவோ, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சம்.

சங்கம் நடத்தும் மருத்துவ முகாமில் எடை மெஷினும் ரத்தப் பரிசோதனையும் மட்டும் போதாது. இடுப்பை அளக்க ஒரு டேப் (ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை), தமிழ் பேசும் மனநல மருத்துவர் ஒருவர், இரண்டும் வேண்டும். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். தமிழில் பேசவும் வசதி உண்டு. இதை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போடலாம்.

நிர்வாகக் குழு யோசிக்கட்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: அடுத்த விழாவில் "எடை போட்டுவிட்டீர்களே" என்பதற்குப் பதிலாக, "எப்படி இருக்கிறீர்கள், சரியாகத் தூங்குகிறீர்களா?" என்று கேட்போம்.