வீட்டு ஃப்ரைட் ரைஸ் மலிவா?

மாலை ஆறு மணிக்கு மேல் நெய்வேலி இந்திரா நகர் பக்கம் போனால் போதும். இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தமும் சோயா சாஸ் வாசனையும் ஆளை இழுக்கும்! பிள்ளைகள் "அப்பா, ஒரு எக் ஃப்ரைட் ரைஸ்" என்று கேட்டதும் அம்மாவிடமிருந்து வரும் பதில் அநேகமாக எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "அந்தக் காசுக்கு வீட்டிலேயே நாலு பேருக்குச் செய்யலாம்."

இது உண்மையா? பாதி உண்மை. மீதிப் பாதி, அது யாருடைய வீடு என்பதைப் பொறுத்தது.

முதலில் பொருட்களைப் பார்க்கலாம். நாலு பேருக்கு எக் ஃப்ரைட் ரைஸ் செய்ய அரை கிலோ அரிசி, நாலு முட்டை, கொஞ்சம் கோஸ், இரண்டு கேரட், ஒரு கைப்பிடி பீன்ஸ், வெங்காயத்தாள், பூண்டு, மிளகுத்தூள், எண்ணெய், இரண்டு டீஸ்பூன் சோயா சாஸ், கொஞ்சம் சில்லி சாஸ், சில சொட்டு வினிகர் போதும்.

இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு டவுன்ஷிப் மெயின் பஜாரிலும் மந்தாரக்குப்பத்திலும் ஏதாவதொரு சூப்பர் மார்க்கெட்டிலும் விலை விசாரிப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லாப் பொருளையும் ஒரே மாதிரி ஒப்பிடுகிறார்கள். முட்டைக்காகக் கடை கடையாக அலைவது வீண். நாமக்கல்லில் அறிவிக்கப்படும் விலையை ஒட்டியே எல்லாக் கடையும் விற்கிறது. காய்கறி விலை நேரத்தைப் பொறுத்தது. காலையில் ஒரு விலை, கடை கட்டும் நேரத்தில் ஒரு விலை.

அரிசியில்தான் கவனம் வேண்டும். 2022 ஜூலை 18 முதல் லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. உதிரியாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு இல்லை. 26 கிலோ மூட்டைகள் கடைகளுக்கு வந்த ரகசியம் இதுதான்! ஆக, அரை கிலோ அரிசிக்கு மளிகைக்கடைத் தராசுதான் நல்லது.

எண்ணெயில் இன்னொரு சங்கதி. ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். பார்வைக்கு ஒரு லிட்டர் பாக்கெட் போலவே இருப்பதில் அதைவிடக் குறைவாகவும் அடைத்து விற்கிறார்கள். அது சட்டப்படி தவறு இல்லை. எண்ணெய், பிஸ்கட் போன்ற பொருட்களை இன்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்றிருந்த கட்டுப்பாடு 2021-இல் செய்த திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. ஐந்து ரூபாய் குறைவு என்று எடுத்து வரும் பாக்கெட்டில் எண்ணெயும் குறைவாக இருக்கலாம்.

இனி பாட்டில்கள். வீட்டுக் கணக்கு இடறுவது இங்கேதான்.

200 மில்லி சோயா சாஸ் 60 ரூபாய், 700 மில்லி 140 ரூபாய் என்று ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், சின்ன பாட்டிலில் ஒரு மில்லி 30 காசு, பெரியதில் 20 காசு. ஒரு வேளைக்குச் செலவாவது 10 மில்லிதான். அதாவது இரண்டு அல்லது மூன்று ரூபாய்! ஆனால் கடைக்காரர் 10 மில்லி ஊற்றித் தரமாட்டார். இன்று கையிலிருந்து போவது 60 ரூபாய். சில்லி சாஸுக்கும் வினிகருக்கும் இதே கதை.

மாதம் பிறந்ததும் சம்பளம் வந்து, ஃப்ரிட்ஜில் பாட்டில்களை வைத்து, மாதம் நாலு முறை ஃப்ரைட் ரைஸ் செய்யும் குவார்ட்டர்ஸ் குடும்பத்துக்கு வீட்டுச் சமையல் நிச்சயம் மலிவு. டவுன்ஷிப்புக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் நிலை வேறு. அவர் பிள்ளையின் பிறந்த நாளுக்கு ஒரே ஒரு முறை செய்ய நினைத்தால், மூன்று பாட்டில் வாங்கும் பணத்தில் தள்ளுவண்டியிலேயே பார்சல் வாங்கி விடலாம். வாங்கிய பாட்டிலும் பயன்படாமல் மீந்து கிடக்கும். அவரைப் பார்த்து "வீட்டில் செய்தால் மிச்சம், ஏன் வெளியே வாங்குகிறாய்?" என்று கேட்பது நியாயமா? அவர் ஊதாரி இல்லை. கணக்கு தெரிந்தவர்!

2025 செப்டம்பர் 22 அன்று நூடுல்ஸ், சாஸ் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் மேலே சொன்ன சிக்கல் வரியால் வந்ததல்ல. குறைந்த அளவில் வாங்குபவர் ஒவ்வொரு மில்லிக்கும் அதிகம் கொடுக்கிறார் என்பதே சிக்கல்.

இதற்கு ஒரு மருந்தைச் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. அதே 2021 திருத்தத்தின்படி, அதிகபட்ச விலையுடன் ஒரு கிராம் அல்லது ஒரு மில்லியின் விலையையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும். ஆனால் அது எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு மூலையில் இருக்கிறது. 10 கிராம் அல்லது அதற்குக் கீழான பாக்கெட்டுக்கு விலக்கு வேறு! சின்ன பாக்கெட்டை நம்பி வாழ்பவருக்குத்தானே அந்தத் தகவல் அதிகம் தேவை? ஷாம்பு போன்ற சிலவற்றில் சின்ன பாக்கெட்டே மலிவாகவும் இருப்பதுண்டு. அதையும் எழுதினால்தானே தெரியும்?

எனவே இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ஒன்று, கடைகள், முக்கியமாகக் கூட்டுறவுப் பண்டகசாலைகள், கிராம் விலையை அலமாரியில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். ஒரு அட்டை, ஒரு ஸ்கெட்ச் பேனா போதும். இரண்டாவது, வாங்குபவர்கள் கூட்டாக வாங்கலாம். பக்கத்துப் பக்கத்து நாலு வீடுகள் ஒரு பெரிய பாட்டிலை வாங்கிப் பங்கு போட்டால் 10 மில்லிக்கு இரண்டு ரூபாய் என்ற கணக்கு எல்லோருக்கும் கிடைக்கும். தீபாவளிச் சீட்டு பிடிக்கத் தெரிந்த பெண்களுக்கு இது பெரிய வேலையே இல்லை.

கடைசியாக ஒன்று. எந்தக் கடை பில்லிலும் வராத செலவு, வேலை முடித்து வந்து காய் நறுக்கி அடுப்பில் நிற்பவரின் உழைப்பு. அதற்குக் கிராம் விலை கிடையாது. வீட்டில் செய்தால் மலிவு என்று சொல்பவர்கள் அந்தக் கேரட்டையாவது நறுக்கிக் கொடுக்கட்டும்!