பயறு பொறுக்க 1,200 ரூபாய்

மூன்று வயதுக் குழந்தைக்கு ‘ஆக்டிவிட்டி’ வேண்டும் என்ற பேச்சு இப்போது எல்லா வீடுகளிலும் கேட்கிறது. வேண்டும்தான். கையால் தொட்டு, செய்து, கொட்டிப் பார்க்காத குழந்தை எதையும் முழுசாகக் கற்றுக்கொள்வதில்லை. ஆனால் அந்த ஆக்டிவிட்டி கூரியரில் பெட்டியாகத்தான் வர வேண்டும் என்று யார் சொன்னார்கள்? இன்று இதைக் கொஞ்சம் காரமாகவே எழுதப் போகிறேன். படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு மாதா மாதம் அப்படி ஒரு பெட்டி வருகிறது. விலை 1,200 ரூபாய். போன மாதம் வந்ததைப் பிரிக்கும்போது நானும் அங்கே இருந்தேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் இடுக்கி, இரண்டு கிண்ணம், பொட்டலத்தில் கொஞ்சம் ராஜ்மா, கொஞ்சம் பட்டாணி. கூடவே வழவழப்பான அட்டையில் செய்முறை. இரண்டையும் கலந்து கொட்டிக் குழந்தையைப் பிரிக்கச் சொல்ல வேண்டுமாம். விரல்களுக்குப் பலம் வரும், இனம் பிரிக்கிற அறிவு வளரும் என்று போட்டிருந்தது. அட்டையில் இருந்தது அத்தனையும் உண்மை. ஆனால் அதே நேரத்தில் அந்த வீட்டு அடுப்படியில் பாட்டி முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். குழந்தை ஓடிப்போய் முறத்தில் கை வைத்தது. “தொடாதே, கொட்டிடுவே! போய் உன் ஆக்டிவிட்டியைப் பண்ணு” என்று விரட்டிவிட்டார்.

அந்த அம்மாளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டுக்கு வீடு இதுதான் நடக்கிறது. குழந்தை தானாக வந்து கேட்கிற வேலையை அதன் கையிலிருந்து பிடுங்கிவிடுகிறார்கள். அதே வேலையை ஒருவர் பிளாஸ்டிக்கில் செய்து விற்றால் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மின் வாரியத்தில் கணக்கு எழுதியே 33 வருஷம் ஓட்டியவன் நான். மாதம் 1,200 என்றால் வருஷத்துக்கு 14,400 ரூபாய். வீட்டில் சும்மா கிடைப்பதற்கு இந்த விலையா என்று என் கணக்குப் புத்தி கேட்கிறது.

இந்த விஷயத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்கிற பெயர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் மருத்துவம் படித்தவர். 1907-ல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதியில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிக்க ஆளில்லாமல் திரிந்த குழந்தைகளுக்காகத் தமது முதல் ‘குழந்தைகள் இல்லத்தை’த் தொடங்கினார். அவருடைய முறையில் குழந்தைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தண்ணீர் ஊற்றினார்கள். பொத்தான் போட்டார்கள். தரை பெருக்கினார்கள், மேஜை துடைத்தார்கள், சாப்பாடு பரிமாறினார்கள். அன்றாட வேலைகளே அங்கே முதல் பாடம். அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரினால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் இருந்தார். நம் நாட்டு ஆசிரியர்கள் பலர் அவரிடமே நேரில் பயிற்சி பெற்றார்கள்.

இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதியிருக்கிற பள்ளிக்குப் பெரிய தொகை கட்டிக் குழந்தையை அனுப்புகிறார்கள். அங்கே போய் அது சின்ன ஜாடியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றுகிறது. டீச்சர் அதைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறார். குடும்பமே பார்த்துப் பூரிக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே குழந்தை சொம்பைத் தூக்கினால் நாலு பேர் பாய்ந்து பிடுங்குகிறார்கள். பள்ளியில் கல்வி, வீட்டில் விஷமம். என்ன நியாயம் இது?

இன்னொரு பக்கம் வீட்டுப்பாடக் கொடுமை. மூன்றரை வயதுக் குழந்தைக்கு ஒன்றிலிருந்து ஐம்பது வரை எழுதி வரச் சொல்கிற பள்ளிகள் இருக்கின்றன. தாத்தா ஒரு கை, பாட்டி ஒரு கை பிடித்து எழுத வைக்கிற வீடுகளும் இருக்கின்றன. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு எக்ஸ்ரே எடுத்தால் அந்த எட்டும் பெரும்பாலும் தெரியாது, குருத்தாகத்தான் இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக இறுகி வரும். கடைசி எலும்பு படத்தில் தெரிய எட்டு வயதுக்கு மேல் ஆகிவிடும். அப்படிப்பட்ட பிஞ்சுக் கைக்குப் பக்கம் பக்கமாக எழுத்து வேலை எதற்கு? அந்தக் கை மாவு பிசையட்டும், துணி பிழியட்டும், பட்டாணி உரிக்கட்டும். பென்சில் தானாக வந்து உட்காரும்.

2020 தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி நமக்குள் ஆயிரம் சண்டை உண்டு. மொழி விவகாரத்தை நான் இங்கே இழுக்கவில்லை. ஆனால் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டும் செயலும் வழியாகத்தான் கற்பிக்க வேண்டும் என்று அது சொல்வதை யாரும் மறுக்க முடியாது. தமிழ்நாடு இதை அதற்கு முன்பே செய்து பார்த்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில வருஷங்களில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக் கற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், கட்டணம் கட்டின பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்து ஏ, பி, சி, டி எழுதிக் கை நொந்தார்கள்.

சரி, வீட்டில் என்னதான் இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

பழைய ஆழாக்கும் படியும் பரணில் இருந்தால் கீழே இறக்குங்கள். ஒரு வாளித் தண்ணீரோ, கொஞ்சம் அரிசியோ போதும். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. எட்டு ஆழாக்கு ஊற்றினால் படி நிரம்புகிறது என்பதைக் குழந்தை கையால் கண்டுபிடிக்கட்டும். பின்னாளில் இரண்டின் பெருக்கமும் பின்னமும் கரும்பலகையில் வரும்போது அது பழைய சிநேகிதன் மாதிரி தெரியும்.

பல்லாங்குழியைச் சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து என்றால் எழுபது முத்து. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும்போது, ஓர் எண்ணுக்கு ஒரு பொருள் என்ற அடிப்படைக் கணக்கு விரலுக்குள் இறங்குகிறது. வாயால் நூறு வரை ஒப்பிக்கிற குழந்தையிடம் ஏழு புளியங்கொட்டை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பல குழந்தைகள் விழிக்கும். ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்தால் ‘பசு’ என்று அள்ளிக்கொள்வோமே, எண்ணாமலே பார்த்தவுடன் நாலு என்று சொல்கிற பழக்கம் அங்கேதான் வருகிறது.

கோலமும் அப்படித்தான். ஐந்து புள்ளி நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்த வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, மூன்று, ஒன்று. மொத்தம் பதின்மூன்று. கோலமாவு கைக்கு வராவிட்டால் சாக்பீஸ் கொடுங்கள். புள்ளியை மட்டும் குழந்தை வைக்கட்டும், கோட்டை நீங்கள் இழுங்கள். இந்தப் பக்கம் இருக்கிற மாதிரியே அந்தப் பக்கமும் வர வேண்டும் என்பது எந்த வொர்க்‌ஷீட்டும் இல்லாமல் புரியும்.

கைக்குட்டையை மடித்தால் பாதி, இன்னொரு தடவை மடித்தால் கால். துவைத்த காலுறைகளை ஜோடி சேர்ப்பது ஒரு வேலை. கீரை ஆய்வது ஒரு வேலை. மார்கழி, தையில் காந்தி மார்க்கெட்டில் மொச்சை வந்து குவிகிறதே, ஒரு கிலோ வாங்கி வந்து நடுவில் கொட்டி எல்லோரும் உரியுங்கள். கொட்டாங்கச்சியில் மண் போட்டு வெந்தயம் தூவினால் மூன்று நாலு நாளில் முளை விடும். குழந்தையின் பொறுமைக்கு ஏற்ற பயிர் அதுதான்.

இத்தனையும் இருக்க, நம் வயதுக்காரர்களில் பலர் குழந்தை கையில் என்ன கொடுக்கிறார்கள்? போன். “எங்க பேரன் தானே யூடியூப் போட்டுக்கறான் சார்” என்று காலை நடையில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். அவனுக்கு வயது இரண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. ஒரு வயதுக்குள் திரை அறவே கூடாது. இரண்டு முதல் நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் தெரியும் மாம்பழத்துக்குக் கனமும் இல்லை, வாசனையும் இல்லை, கையில் ஒட்டுகிற பாலும் இல்லை. அதைத் தள்ளுவதற்கு ஒரு விரல் போதும். மீதி ஒன்பது விரல் என்ன பாவம் செய்தன?

எதிர்ப் பேச்சுகளும் காதில் விழுகின்றன.

“அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், நேரம் எங்கே?” என்கிறார்கள். நியாயம். பெங்களூரிலோ சென்னையிலோ தனியாக இருக்கிற இளம் பெற்றோர் அலுத்துப்போய் வந்து ஒரு பெட்டியைப் பிரித்துக் கொடுத்தால் நான் கேலி செய்ய மாட்டேன். பெட்டியாவது வாங்குகிறார்களே. ஆனால் சப்பாத்தி போடுகிற அதே அரை மணியில் ஓர் உருண்டை மாவைக் குழந்தையிடம் கொடுத்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். அதன் சப்பாத்தி ஆஸ்திரேலியா மேப் மாதிரி வரும். சுட்டுப் போடுங்கள், அது ரசித்துச் சாப்பிடும்.

“பையனைப் போய் கீரை ஆய விடுவதா?” என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கட்டாயம் விட வேண்டும். இங்கேதான் ‘எங்கள் காலத்தில்’ என்று ஆரம்பிக்கிறவர்களோடும் எனக்குச் சண்டை. நம் காலத்தில் குழந்தைகள் வேலை செய்தது கற்றுக்கொள்ள அல்ல, வீட்டில் ஆள் பற்றாததால். அதிலும் தண்ணீர் சுமந்ததும் தம்பி, தங்கையைத் தூக்கித் திரிந்ததும் பெண் குழந்தைகள். எட்டாம் வகுப்போடு அவர்களை நிறுத்திவிட்டு, பையன்களைப் படிக்க வைத்தார்கள். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். நான் சொல்கிற வேலை குழந்தையின் கைக்கு அளவானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். அலுத்தால் எழுந்து ஓடிவிடலாம். முடிக்கவில்லை என்று யாரும் அதட்டக் கூடாது.

“ஆபத்து இல்லையா?” என்றால், உண்டு. மூன்று வயதுக்குக் கீழே முத்து, புளியங்கொட்டை, கடலை எதையும் தனியாகக் கொடுக்கக் கூடாது. மூக்கிலோ தொண்டையிலோ போய்விடும். வாளித் தண்ணீர் பக்கத்தில் ஒரு நிமிஷம்கூடத் தனியே விடக் கூடாது. அடுப்பும் கத்தியும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆகவே பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தப் பெரியவரைத்தான் எந்தக் கம்பெனியாலும் பெட்டியில் போட்டு அனுப்ப முடியாது. அவர் யார்? நாம்தான். பென்ஷன் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. பேப்பரை இரண்டு தடவை படிக்கிறோம், டிவி விவாதத்தில் எந்தக் கட்சிக்காரர் யாரை எப்படி மடக்கினார் என்பது நமக்கு மனப்பாடம். மகனுக்கும் மருமகளுக்கும் இல்லாத நேரம் நம்மிடம் கொட்டிக் கிடக்கிறது. முட்டி வலியா? நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பக்கத்தில் நின்றுகொள்ளும்.

உளுந்து கொஞ்சம் கொட்டும். தண்ணீர் சிந்தும். வீட்டில் ஒருவர் முகம் சுளிப்பார். அப்போது குழந்தை கையில் ஒரு சின்ன விளக்குமாற்றைக் கொடுத்து, கொட்டியதை அதையே கூட்டி அள்ளச் சொல்லுங்கள். முழுசாக அள்ளாது, மூலைக்கு மூலை இறைத்து வைக்கும். பரவாயில்லை. மிச்சத்தை அது தூங்கினபிறகு நாம் கூட்டிக்கொள்ளலாம்.