குளிர வைக்கும் வைத்தியம்

பிரசவத்தில் பிராணவாயு கிடைக்காமல் திணறிப் பிறந்த குழந்தை, உயிர் பிழைத்தாலும் மூளை கெட்டுக் கைகால் விளங்காமல் போவதுண்டு. இதற்குத் தலையெழுத்து என்றும், கிரகதோஷம் என்றும், பூர்வஜென்ம பாவம் என்றும் பெயர் வைத்துப் பெற்றவளையே குற்றவாளியாக்கிப் பரிகாரத்திற்குப் பணம் பறித்தார்களே தவிர, மூளை எப்படிக் கெடுகிறது என்று கேட்ட சோதிடன் ஒருவனையும் நாம் கண்டதில்லை.

கேட்டவர்கள் விஞ்ஞானிகள். பிராணவாயு தடைப்பட்ட உடனேயே மூளை முழுதும் செத்துவிடுவதில்லை, சிலமணி நேரம் தேறியதுபோல் இருந்து பிறகுதான் இரண்டாவது நாசம் தொடங்குகிறது என்று கண்டார்கள். ஆகவே, பிறந்த 6 மணி நேரத்திற்குள் குழந்தையின் உடற்சூட்டை 33.5 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்து, பிறகு மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள். (பச்சைக் குழந்தையைப் பொத்தி வைக்கும் பாட்டிமார் பதற வேண்டாம். மற்றக் குழந்தைகளுக்கு அவர்கள் செய்வதுதான் சரி. இது ஆஸ்பத்திரியில், கருவி வைத்துச் செய்யும் காரியம்.) இங்கிலாந்து முன்னின்று நடத்தி 2009-ல் வெளியிட்ட பரீட்சையில், நரம்புக் கோளாறின்றிப் பிழைத்த குழந்தைகள், குளிர வைத்தவற்றில் 100-க்கு 44, வைக்காதவற்றில் 28.

சீமையில் பலித்தது இங்கும் பலிக்கும் என்று உடனே கும்பிட்டு விடலாமா? அப்படிக் கும்பிட்டால் வேதத்தை நம்புகிறவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் மூன்றிலுமாக 7 ஆஸ்பத்திரிகளில் 408 குழந்தைகளைச் சேர்த்து, குளிர வைத்தும் வைக்காமலும் பார்த்தார்கள். வைத்தவற்றில் 100-க்கு 42 இறந்தன, வைக்காதவற்றில் 31. நல்லது செய்யப் போன வைத்தியம் இங்கே சாவைக் கூட்டியிருக்கிறது! பரீட்சை நடத்தியவர்கள் இதை மூடி மறைக்கவில்லை. 2021-ல் தாங்களே அச்சிட்டு, இம்மாதிரி நாடுகளில் இதைச் செய்ய வேண்டாம் என்றும் எழுதினார்கள். தங்கள் மருந்து தோற்றது என்று எந்த மடாதிபதியாவது கணக்கெழுதிக் காட்டியதுண்டா?

காரணம் இன்னும் தீரவில்லை. இங்கே பல குழந்தைகளுக்கு மூளைச் சேதம் பிரசவ வலியின்போதே நெடுநேரம் நடந்து முடிந்திருக்கலாம், பிறகு குளிர வைப்பதால் பயனில்லை என்கிறார்கள். இந்நாட்டு டாக்டர்கள் சிலர் இம்முடிவை ஒப்பாமல் வாதிக்கிறார்கள். வாதிக்கட்டும், கணக்கோடு வாதிக்கட்டும்.

அதுவரை நாம் கேட்பது இதுதான்: மூச்சில்லாமல் பிறந்த குழந்தைக்கு முதல் நிமிஷத்திலேயே பையும் முகமூடியும் கொண்டு மூச்சூட்டத் தெரிந்த ஒரு நர்ஸ், இரவு 2 மணியானாலும் எல்லாப் பிரசவ அறையிலும் இருக்க வேண்டும்.